எது வரைக்கும் வருது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்தார். படகு கிளம்பவில்லை என்று ஆள் வரும், ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போவார். லீவு நாளில் நானும் பின்னாலேயே போவேன். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. அப்பா உடனே எதையும் கழற்றி மாற்ற மாட்டார். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் டீசல் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்துவார். டீசல் ஒழுகுகிறதா? சரி, இதுவரை வந்துவிட்டது. அடுத்து பம்ப். அங்கே தளர்த்தினால் நுரைநுரையாகக் குமிழ் கிளம்பும். குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். குமிழ் அடங்கி வெறும் டீசல் வரும்வரை விட்டுவிட்டு நட்டை இறுக்குவார். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேலை நடக்கும்போது அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எது வரைக்கும் வருது?”

நான் நெட்வொர்க் வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் இன்றைக்கும் அப்பாவின் அந்தக் கேள்விதான் முதலில் மனதில் வரும். ஆனால் கணினியிடமும் அதைக் கேட்கலாம் என்று புரிய எனக்கு நாளாயிற்று. எனக்குக் கணினியைச் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி.

2008-ல் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்தேன். நெட்வொர்க் வேலையைப் பாடப்புத்தகம் பிரித்துக்காட்டும் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மதிப்பெண்ணும் வந்தது. ஆய்வகத்தில் மட்டும் கணினியின் பின்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. கேபிளைத் தொட்டால் அபராதம். அறுபது பேருக்கு இருபது கணினி, ஒன்று கெட்டால் சரிசெய்து வர மாதக்கணக்காகும். பயந்தார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று பார்க்காமலேயே மூன்று வருஷம் நெட்வொர்க் படித்தோம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இரண்டாம் வருஷத்தில் மாலை வேளைக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்தது. எட்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கடைக்கார அண்ணன் இரண்டாவது மாடியில் டிடிபி வேலைக்கு ஓர் அறை எடுத்தார். கீழிருந்து அங்கே கேபிள் இழுக்கவேண்டும், முப்பது மீட்டருக்கு மேல் இருக்கும். கேபிள் முனையில் ஜாக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலையும் ஜாக்குகளையும் என் கையில் கொடுத்து, “நீதான் படிக்கிறியே, போடும்மா” என்றார்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முழு நிறம், மற்றது வெள்ளையில் கோடு போட்டது. நான் ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி ஜாக்கில் செருகினேன். மறுமுனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் வைத்தால் ஒன்றிலிருந்து எட்டுவரை விளக்குகள் ஒழுங்காக வரிசையில் எரிந்தன. மேலே கொண்டுபோய் மாட்டினால் நெட் வருகிறது, போகிறது. சின்னப் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் பாதியில் நிற்கும். கேபிள் மட்டம் என்று அண்ணன் வேறு கேபிள் வாங்கிவந்தார். அதையும் நான் அதே மாதிரி கிரிம்ப் செய்தேன். அதே கோளாறு. இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

பக்கத்துக் கட்டடத்துக்கு கேபிள் போட வந்த ஓர் அண்ணன் என் ஜாக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பச்சையப் பிரிச்சுப் போடும்மா. மூணுலயும் ஆறுலயும் பச்சை. நடுவுல நீலம்.” காரணம் கேட்டேன். “அப்படித்தான் போடணும்” என்றார். போட்டேன், ஓடியது.

“அப்படித்தான்” என்ற பதிலோடு எனக்கு வீட்டுக்குப் போக முடியவில்லை. மறுநாள் புத்தகத்தில் தேடினேன். நூறு மெகாபிட் ஈத்தர்நெட், அதாவது எங்கள் கடையில் ஓடிய லேன் வகை, எட்டில் நான்கு கம்பிகளைத்தான் பயன்படுத்துகிறது. அனுப்ப 1, 2. வாங்க 3, 6. நடுவில் இருக்கும் 4, 5 பழைய டெலிபோன் ஜோடிக்கான இடம், அதனால்தான் பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி இருபக்கமும் விலகி நிற்கிறது. கம்பிகளை முறுக்குவதற்கும் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். நான் செய்த கேபிளில் மூன்றாவது கம்பி பச்சை ஜோடியிலிருந்தும் ஆறாவது கம்பி நீல ஜோடியிலிருந்தும் வந்தது. மின்சாரத்துக்கு வழி இருந்தது, முறுக்கின் பாதுகாப்பு இல்லை. டெஸ்டர் வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், எந்தக் கம்பி எதனோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எட்டு விளக்கும் எரிந்தது பொய்யில்லை. நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் செய்த காரியத்தில்தான் என் படிப்பு உண்மையில் தொடங்கியது என்று நினைக்கிறேன். மிச்சக் கேபிளில் வேண்டுமென்றே நான்கு செய்தேன். சரியான வரிசையில் இரண்டு மீட்டர் ஒன்று, முப்பது மீட்டர் ஒன்று. தப்பான வரிசையிலும் அதேபோல் இரண்டு. கடை மூடியதும் 700 எம்பி சிடி ஃபைல் ஒன்றை ஒவ்வொரு கேபிளிலும் அனுப்பி நேரம் பார்த்தேன். சரியான கேபிள் இரண்டு நீளத்திலும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நூறு மெகாபிட்டுக்கு அதுதான் கணக்கு. தப்பான முப்பது மீட்டர் திணறித் திணறி நின்றது. தப்பான இரண்டு மீட்டர் என்ன செய்தது தெரியுமா? ஒரு குறையும் இல்லாமல் ஓடியது! அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. தப்பாகச் செய்த பொருளும் சில இடங்களில் சரியாக ஓடும். வருஷக்கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள் நீளம் கூடும்போதுதான் காட்டிக்கொடுக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் ஒரு வரியாகத்தான் மனதில் நின்றிருக்கும்.

2011-ல் கடையில் புதுக் கணினிகள் வந்தன. பழைய பென்டியம் 4 மூன்றை அண்ணன் என் சம்பளத்தில் கழித்துக்கொண்டு கொடுத்தார். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலுக்குக் கீழே அவை இடம் பிடித்தன. கோடைக்காலத்தில் அறையே அடுப்பாகிவிடும். அம்மா கரண்ட் பில்லைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தன் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கத் தொடங்கினார். அதை நான் கவனித்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

நடுவில் ஒரு கணினி, அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒரு கார்டு மோடத்தின் பக்கம், 192.168.1 என்று தொடங்கும் விலாச வரிசை. மறு கார்டு உள்ளே இருக்கும் கணினியின் பக்கம், 10.0.5 வரிசை. லினக்ஸில் ஒரே வரி கட்டளை கொடுத்தால் நடுக் கணினி ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் அனுப்பத் தொடங்கும், அதாவது ரௌட்டர் ஆகிவிடும். கொடுத்தேன். உள்ளே இருந்த கணினியிலிருந்து மோடத்துக்கு பிங் அடித்தேன், ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சின்னச் செய்தி அது. பதில் இல்லை.

எது வரைக்கும் வருது? டிசிபிடம்ப் என்று ஒரு கருவி உண்டு, ஒரு கார்டு வழியாகப் போய்வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் துண்டையும், காட்டும். அப்பா தளர்த்துகிற நட்டு மாதிரி. உள்பக்கக் கார்டில் வைத்துப் பார்த்தேன், பாக்கெட் வருகிறது. வெளிப்பக்கக் கார்டில் பார்த்தேன், பாக்கெட் வெளியே போகிறது. அப்படியானால் மோடம்வரை போயிருக்கிறது. திரும்பிவரத்தான் இல்லை. போகும் வழி இருந்தால் வரும் வழியும் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 10.0.5 எங்கே இருக்கிறது என்று மோடத்துக்கு யார் சொன்னார்கள்? அதற்குத் தெரியாத விலாசம் எல்லாம் வெளி உலகம். என் வீட்டு பிங்குக்கான பதிலை அது இன்டர்நெட் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது.

சரிசெய்ய இரண்டு வழி. உள்ளே இன்னொரு தெரு இருக்கிறது என்று மோடத்துக்குச் சொல்லிவைக்கலாம். அல்லது நடுக் கணினி, கடந்துபோகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் விலாசத்தை அழித்துத் தன் விலாசத்தை எழுதலாம். இந்த இரண்டாவதுக்குப் பெயர் நாட். நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். சென்னையில் பாதி வீட்டு வாசலில் புதிய எண் ஒன்று, பழைய எண் ஒன்று என்று இரண்டு எண்கள் உண்டு. எந்த எண்ணை எழுதினாலும் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார், இரண்டையும் அவர் மனதில் பொருத்தி வைத்திருப்பதால். நாட் செய்யும் ரௌட்டரும் அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் யார், எந்த போர்ட்டிலிருந்து (கணினிக்குள் இருக்கும் கதவு எண் மாதிரி), வெளியே யாருக்கு அனுப்பினார்கள் என்று. பதில் வந்ததும் கணக்கைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கும். கணக்கு அழிந்துபோனால் பதில் வாசல்வரை வந்து நிற்கும், கூப்பிட ஆள் இருக்காது.

இந்த விலாசங்களுக்கு ஐபி விலாசம் என்று பெயர். அதன் நான்காம் பதிப்பில் மொத்தம் 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவான விலாசங்கள்தான். வீடுகளுக்குள்ளேயும் அலுவலகங்களுக்குள்ளேயும் யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சில வரிசைகளை ஒதுக்கிய ஆவணம் 1996 பிப்ரவரியில் வந்தது. 10, 192.168 எல்லாம் அதில் வருபவை. எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒரே 192.168.1.1 இருந்தும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

2012-ல் சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் பகுதிக்கு எந்த இரண்டு மணி என்று முன்கூட்டியே தெரியும். ஒருநாள் கடையில் ஒரு கல்லூரி மாணவிக்கு நான் தட்டச்சு செய்து ‘சேவ்’ கொடுத்த ப்ராஜெக்ட் ஃபைல், கரண்ட் போய் வந்தபின் பெயர் மட்டும் மிச்சமாக இருந்தது. உள்ளே பூஜ்யம் பைட். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். சேவ் செய்தேனே, எங்கே போனது?

வீட்டில் மின்வெட்டு நேரத்தையே சோதனை நேரமாக வைத்துக்கொண்டேன். கரண்ட் போகும்வரை பத்து செகண்டுக்கு ஒருமுறை ஒரு சின்ன ஃபைலை எழுதிக்கொண்டே இருக்கும்படி ஒரு நிரல். கரண்ட் வந்ததும் எவை பிழைத்தன என்று எண்ணுவேன். பழையவை பத்திரமாக இருந்தன, கடைசி சில ஃபைல்கள் மட்டும் காலி. மறுநாளும் அப்படியே. ‘சேவ்’ என்றதும் நாம் எழுதியது வட்டுக்குப் போய்விடுவதில்லை. முதலில் நினைவகத்தில்தான் தங்குகிறது. லினக்ஸ் வழக்கமாக முப்பது செகண்ட் அளவுக்கு வைத்திருந்து, பிறகு மொத்தமாக வட்டில் எழுதும். ஒவ்வொன்றையும் அப்போதே வட்டில் எழுதினால் கணினி ஊர்ந்துதான் போகும், அதற்காக இந்த ஏற்பாடு. ‘சிங்க்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் கையில் இருப்பதை உடனே எழுதிவிடும். அதைச் சேர்த்த நாளிலிருந்து அநேகமாக எல்லா ஃபைலும் பிழைத்தது. பென்டிரைவை அப்படியே பிடுங்காதே என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள ஐந்தாறு பிள்ளைகள் வருகிறார்கள். பாலிடெக்னிக் படிப்பவர்கள் இரண்டு பேர், பிளஸ் ஒன் ஒரு பெண், மீதி கல்லூரி. இப்போதெல்லாம் ஒரே லேப்டாப்புக்குள் பத்துக் கணினிகளை மெய்நிகராக ஓட்டலாம், நெட்வொர்க்கைப் படமாக வரைந்து ஓட்டிக்காட்டும் மென்பொருளும் இருக்கிறது. அவற்றையும் பயன்படுத்துகிறோம். ஆனால் முதல் இரண்டு மாதம் கேபிள்தான். படத்தில் வரையும் கேபிளில், செய்தவர்கள் நினைத்துப் பார்த்த கோளாறு மட்டும்தான் வரும். கடலோரத்தில் வெளிச்சுவரில் தொங்கும் ஜாக்கின் முனை உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போவது அதில் வராது. எங்கள் பக்கத்தில் அது வாராவாரம் பார்க்கும் கோளாறு.

பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருப்பது சில விஷயங்களில்தான். என்டர் தட்டுவதற்குமுன் என்ன நடக்கும் என்று நோட்டில் ஒரு வரி எழுதவேண்டும். தப்பாக இருந்தால் பரவாயில்லை, எழுதாமல் தட்டக்கூடாது. ஊகம் இல்லாமல் பார்த்தால் எது வந்தாலும் ‘சரி, இப்படித்தான் போல’ என்று கண் கடந்துபோய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றக்கூடாது. இதை அப்பாவிடம் கற்றேன். அப்புறம், கைவைப்பது நம் கணினிகளில் மட்டும். பக்கத்து வீட்டு வைஃபையில் விளையாட்டுக்குக்கூட நுழையக்கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளை அவர்களுக்கு வாசித்துக்காட்டியிருக்கிறேன். மூன்று வருஷம்வரை சிறை. உடைத்துப் பார்க்க நமக்கு ஓர் இடம் இருக்கும்போது அடுத்தவர் வாசலில் நிற்கவேண்டிய அவசியம் என்ன?

ஒருநாள் பிளஸ் ஒன் பெண் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வருக்கு பிங் அடித்தாள். 36 மில்லி செகண்ட் என்று வந்தது. “இது நிறையவா கம்மியாக்கா?” என்றாள். கணக்குப் போடச் சொன்னேன். சென்னையையும் சிங்கப்பூரையும் கடலுக்கடியில் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-ல் வந்தது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16, வர 16, மொத்தம் 32 மில்லி செகண்ட். தன் பாக்கெட் எந்தக் கேபிளில் போனது என்று பிங் சொல்லாது, ஆனால் எந்தக் கேபிளில் போனாலும் ஒளியை முந்த முடியாது. மிச்சம் இருக்கும் நான்கு மில்லி செகண்டில்தான் வழியில் உள்ள ரௌட்டர்கள் எல்லாம் தங்கள் வேலையை முடித்திருக்கின்றன. அவள் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து கடல் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிவந்து அந்தமானுக்குக் கணக்கு கேட்டாள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடல் கேபிள் போவதற்குமுன் அங்கே செயற்கைக்கோள்தான். 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கவேண்டும், பதிலும் அதேபோல் ஏறி இறங்கவேண்டும். அங்கே கண்ணாடி இழை இல்லை, அதனால் வேகம் செகண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர். அவளே போட்டாள்: 480 மில்லி செகண்ட். “அரை செகண்டாக்கா!” என்றாள். அந்தக் குரலில் இருந்த வருத்தம் அந்தமான்காரர்களுக்கானது.

பாடத்தின் கடைசி அரைமணி நேரம் எப்போதும் ஒன்றுதான். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நான் ஏதாவது ஒன்றைக் கெடுப்பேன். வந்து கண்டுபிடிக்கவேண்டும். போன வாரம் முறை மாறியது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

உள்ளே வந்தேன். ஒரு கணினியில் எந்த இணையதளமும் இறங்கவில்லை, தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று பிழை. எது வரைக்கும் வருது? ரௌட்டருக்கு பிங் போகிறது. வெளியே போகிறது. பெயரைக் கொடுத்தால் ஐபி விலாசம் வருகிறது. எல்லாம் வந்து கடைசி வாசலில் நிற்கிறது. பில் கட்டாவிட்டால் இணைய நிறுவனங்கள் எல்லாத் தளத்தையும் தங்கள் பணம் கட்டும் பக்கத்துக்குத் திருப்பிவிடும், அப்போதும் சான்றிதழ்ப் பிழைதான் வரும். அந்த எண்ணத்தில் கேபிள்காரருக்கு போன் செய்யக்கூடப் போனேன். ஆனால் பக்கத்துக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் போயிற்று. பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை. அப்புறம் அந்தப் பிழைச் செய்தியைக் கடைசிவரை வாசித்தேன். சான்றிதழ் காலாவதியாகவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை என்று எழுதியிருந்தது.

தேதியைக் கேட்டேன். கணினி 2009 ஜனவரி 1 என்றது. நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் சேவையையும் நிறுத்திவைத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது பிளஸ் ஒன் பெண் இறுக்கி மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே மதர்போர்டிலிருந்து கழற்றிய வட்டப் பேட்டரி, கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது.

“எது வரைக்கும் வருதுன்னு பார்த்துட்டே போனீங்கக்கா,” என்றாள். “எப்போன்னு பார்க்கல.”